முகப்பும் முரணும்: மாற்றிசை இதழ்களின் அட்டை வடிவமைப்பு



நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்று வலியுறுத்தும் நன்னூலார், அதனை மாடத்தில் தீட்டிய ஓவியத்தோடும் மாநகருக்கு அமைந்த கோபுரத்தோடும் ஒப்பிட்டுக் காட்டுவார். கோபுரம் ஊருக்கு அழகு மட்டும் செய்வதில்லை. எந்த ஊர், எவருடைய ஊர், உள்ளே போகலாமா கூடாதா என்பதையும் அதுவே தொலைவிலிருந்து சொல்லிவிடுகிறது. அச்சுக்காலத்தில் இப்பணியைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது இதழின் அட்டை. உள்ளே என்ன உள்ளது என்பதைக் காட்டிலும், 'உன்னை யாரென்று எண்ணி இவ்விதழ் உன்னை அழைக்கிறது' என்பதையே அட்டை முதலில் தெரிவிக்கிறது. இவ்வகையில் இலக்கிய ஆய்வாளர் நோக்கில் அட்டையும் ஒரு பனுவலே. மேலைநாடுகளில், குறிப்பாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், 1970களின் நடுப்பகுதி தொடங்கி வெளிவந்த மாற்றிசை இதழ்களின் அட்டைகளை இந்நோக்கில் படித்துப் பார்ப்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மாற்றிசை என்பதற்கு இறுகிய வரையறை எதுவும் தேவையில்லை. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் முதலீட்டுக்கும் விளம்பரத்துக்கும் வெளியே, சிறு அரங்குகளிலும் சிறு பதிப்புகளிலும் வளர்ந்த பங்க் முதலிய இசைவகைகளை அச்சொல் இங்குக் குறிக்கும். அவ்விசையின் ஆர்வலர்கள் தாமே எழுதி, தாமே படியெடுத்து, தாமே விற்ற இதழ்களை ஆங்கிலத்தில் ஃபேன்சின் என்பர். தமிழில் 'சிற்றிதழ்' என்னும் சொல்லே அதற்குப் பொருந்தி வரும். தமிழ்ச் சிற்றிதழ் மரபுக்கும் அவற்றுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் நான்காவது இதழுக்குக் காகிதம் வாங்கப் பணம் எங்கே என்னும் கவலை இரண்டுக்கும் பொதுவே.

மரபு மீறப்பட்டது என்று கூறுமுன் எந்த மரபு என்று கூற வேண்டும். கடைத்தட்டில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும்போது மேற்பகுதி மட்டுமே வெளியில் தெரியும். ஆதலால் இதழின் பெயர் மேல் விளிம்பில், மாறாத எழுத்துருவில், பெரிதாக அமைய வேண்டும். அதன் கீழே ஒரு முகம். அம்முகத்தின் கண்கள் வாங்குபவரின் கண்களை நேரே நோக்க வேண்டும். புகழ்பெற்ற முகமாயின் நன்று. அதன் இருபுறமும் உள்ளே உள்ளவற்றைச் சொல்லி ஆவலைத் தூண்டும் சிறு தலைப்புகள் வேண்டும். திரைப்பட இதழோ பெண்கள் இதழோ இசை இதழோ, வணிக அட்டையின் இலக்கணம் ஏறக்குறைய இதுவே. இவ்விலக்கணத்தின் ஒவ்வோர் உறுப்பும் விற்பனையிலிருந்து பிறந்தது என்பது கருதத்தக்கது. விற்பனையைப் பொருட்படுத்தாத ஒருவர் அட்டை செய்யும்போது இவற்றில் எதுவும் கட்டாயமாவதில்லை.

1967 நவம்பர் 9ஆம் நாளிட்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் வெளிவந்த 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழை ஒரு முன்னுரையாகக் கொள்ளலாம். நாளேட்டுத் தாளில் அச்சான அவ்விதழின் முகப்பில், ஒரு திரைப்படத்துக்காகப் போர்வீரர் வேடமிட்ட ஜான் லென்னான் இடம்பெற்றார். பெயரின் எழுத்துகளை வரைந்தவர், அந்நகரின் இசைநிகழ்ச்சிச் சுவரொட்டிகளை வளைந்து நெளியும் எழுத்துகளால் நிரப்பிய ஓவியர்களுள் ஒருவரான ரிக் கிரிஃபின். ஆக, எதிர்ப்பண்பாட்டின் கையெழுத்து அதன் நெற்றியிலேயே இருந்தது. பத்தாண்டுகளில் அவ்விதழ் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து பெருநிறுவனமாயிற்று. எழுத்து மட்டும் ஏறக்குறைய அவ்வாறே நின்றது. கையெழுத்து மாறாமலே கை மாறிவிடும் என்பதற்கு இது முதற் சான்று. இதன் முழுப்பொருள் பின்னர் விளங்கும்.

இலண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியைச் சேர்ந்த மார்க் பெர்ரி என்னும் இளைஞர் ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ரமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு அவரை ஆட்கொண்டது. அதைப்பற்றிப் படிக்க இதழ் எதுவும் இல்லை என்று கண்டு, 1976 சூலையில் 'ஸ்னிஃபின் குளூ' என்னும் இதழைத் தாமே தொடங்கினார். பசையை முகர்தல் என்பது அதன் பொருள். ரமோன்ஸ் பாடலொன்றின் தலைப்பிலிருந்து எடுத்த பெயர். சிறுவர்க்கான ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு மார்க்கர் பேனா ஆகிய இரண்டுமே அச்சகம். முதல் இதழில் 50 படிகள் அளவே எடுக்கப்பெற்றன. அவற்றையும் அவருடைய தோழி பணிபுரிந்த அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்தனர் என்பர். பக்கங்களை மூலையில் பின் அடித்துச் சேர்த்தனர். இதழின் பெயர் மார்க்கர் பேனாவினால், ஒரு சிறுவன் பள்ளிக் குறிப்பேட்டின் மேலட்டையில் எழுதுவதைப் போல, எழுதப்பெற்றிருந்தது. ஒவ்வோர் இதழுக்கும் அதை அவர் மறுபடியும் எழுதினார். எழுத்துப்பிழைகளைத் திருத்தவில்லை. அடித்தவற்றை அடித்தபடியே விட்டார்.

இவ்வட்டைகளைப் பார்க்கும் வடிவமைப்பாளர்கள் 'கரடுமுரடான அழகியல்' என்று உடனே பெயர் சூட்டுவர். அது அவசரம். அந்த முரட்டுத்தன்மையில் பெரும்பகுதி எந்திரத்தின் இயல்பு. அக்கால ஜெராக்ஸ் பொறி ஒளிப்படத்தின் சாம்பல் நிறப் படிநிலைகளைக் காட்ட வல்லதன்று. மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் ஒரே கறுப்பாகிவிடும். நெற்றியும் சுவரும் ஒரே வெண்மையில் கரைந்துவிடும். படியிலிருந்து படி எடுக்க எடுக்க முகம் கறையாக மாறும். வணிக அச்சகத்தில் ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து பிளாக் செய்தால் இக்குறை நேராது. ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அச்சுக்கோப்பவருக்கும் பணம் வேண்டும். பணமில்லாத இடத்தில் கையெழுத்து வந்தது, படம் கறையாயிற்று, வெட்டி ஒட்டிய தாளின் விளிம்பும் நிழற்கோடாகப் படியில் விழுந்தது. இவை முதலில் தெரிவுகள் அல்ல. வறுமை விட்டுச்சென்ற தடங்கள்.

ஆயினும் தடத்தை அழிக்காமல் விட்டது ஒரு தெரிவு. இவ்விடத்தில்தான் பெர்ரியின் இதழ் ஏனைய தட்டச்சுச் சுற்றறிக்கைகளினின்றும் வேறுபடுகிறது. அடித்தல் திருத்தல் உள்ள பக்கத்தைப் பார்க்கும் பதினேழு வயது வாசகன், 'இதை நானும் செய்யலாம்' என்று எண்ணுவான். ஒழுங்காக அச்சான பக்கம் அவனை வாசகனாகவே இருத்திவிடும். முகப்பு, உள்ளே நுழைய அழைப்பதோடு நில்லாமல், பக்கத்திலேயே உனக்கொரு வீடு கட்டிக்கொள் என்றும் அழைத்தது. பன்னிரண்டு இதழ்களில், 1977இல், படிகள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்த வேளையில் பெர்ரி இதழை நிறுத்தினார். அதற்குள் இங்கிலாந்தின் பல ஊர்களில் அவ்வழியில் இதழ்கள் முளைத்திருந்தன. அவற்றுள் ஒன்றான 'சைட்பர்ன்ஸ்' 1977இன் தொடக்கத்தில் கிதார் வாசிப்புக்கான மூன்று விரல்நிலைகளைக் கையால் வரைந்து, இனி ஒரு குழுவைத் தொடங்குக என்று வாசகருக்கு ஆணையிட்டது. இப்படத்தை 'ஸ்னிஃபின் குளூ'வுக்கு உரியதாகப் பலரும் எழுதி வருகின்றனர். தவறு. ஒரே கையால் எழுதியவை போல அத்தனை இதழ்களும் தோன்றியமையே இப்பிழைக்குக் காரணம் எனலாம்.

வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெவ்வேறு செய்தித்தாள்களிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டி ஒரு சொல்லை ஆக்குவது, ஆட்கடத்தல் செய்வோர் பணம் கேட்டு எழுதும் கடிதத்தை நினைவூட்டுவதால் 'மிரட்டற் கடித எழுத்து' என்றே பெயர் பெற்றது. இதை செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் அடையாளமாக்கியவர் ஜேமி ரீட். அவர் 1970இல் குராய்டனில் 'சபர்பன் பிரஸ்' என்னும் அரசியல் சிற்றிதழை நடத்தியபோதே கத்திரிக்கோலுக்கும் பசைக்கும் பழகியவர். 1977இல், அரசி அரியணையேறியதன் வெள்ளிவிழா ஆண்டில், அரசியின் உருவப்படத்தில் கண்களையும் வாயையும் கிழித்த பட்டைகளால் மறைத்து, அப்பட்டைகளின்மேல் பாடலின் பெயரையும் குழுவின் பெயரையும் இவ்வெழுத்தால் அமைத்தார். அஃது இசைத்தட்டின் உறையே, இதழின் அட்டையன்று. எனினும் அதன்பின் வந்த சிற்றிதழ் அட்டைகளில் பாதிக்கு அதுவே தாய். வணிக அட்டையின் முதல் விதி கண்கள் வாசகரை நோக்க வேண்டும் என்பதாயின், இவ்வுறை அக்கண்களையே மூடிவிட்டது.

இதற்கு மூதாதையர் உண்டு. முதல் உலகப்போர் முடிந்த ஆண்டுகளில் பெர்லின் நகரத்து டாடா இயக்கத்தினரான ரவுல் ஹவுஸ்மன், ஹன்னா ஹோஹ் முதலியோர் நாளேட்டுப் படங்களைக் கத்தரித்து ஒட்டுப்படங்கள் ஆக்கினர். ஜான் ஹார்ட்ஃபீல்டு அம்முறையை நாஜிகளுக்கு எதிரான இதழ் முகப்புகளில் கையாண்டார். ஆதிக்கத்தின் அச்சுப்பொருளையே வெட்டி ஆதிக்கத்துக்கு எதிராக ஒட்டுவது என்னும் கருத்து அங்கே உருப்பெற்றது. ஆனால் டெப்ட்ஃபோர்டு இளைஞர்கள் ஹோஹின் படங்களைக் கண்டு கற்றார்கள் என்று முடிவு கட்டுவது ஆய்வாளர்க்கே உரிய ஆசை. ஓவியப்பள்ளி சென்ற ரீடுக்குப் பொருந்துவது வங்கி எழுத்தருக்குப் பொருந்த வேண்டியதில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை சற்று வேறு. 1976 சனவரியில் நியூயார்க்கில் 'பங்க்' என்னும் இதழைத் தொடங்கிய ஜான் ஹோம்ஸ்ட்ராம், வில் ஐஸ்னரிடமும் ஹார்வி கர்ட்ஸ்மனிடமும் சித்திரக்கதை பயின்றவர். ஆதலால் முதல் இதழின் முகப்பில் பாடகர் லூ ரீடின் ஒளிப்படம் வரவில்லை, கேலிச்சித்திரமே வந்தது. எழுத்துகளும் சித்திரக்கதை எழுத்துகளே. அங்கே கை நடுங்கவில்லை. தேர்ந்த கை வேண்டுமென்றே விளையாடியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 1977இல் வந்த 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' இதழின் வரலாறு இலக்கிய அன்பர்க்கு மகிழ்ச்சி தரும். அதன் ஆசிரியர் வி. வேல் என்பார் 'சிட்டி லைட்ஸ்' புத்தகக்கடையில் பணியாற்றியவர். கவிஞர்கள் ஆலன் கின்ஸ்பர்க், லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி இருவரும் ஆளுக்கு 100 டாலர் கொடுத்தே அவ்விதழ் தொடங்கிற்று. முந்தைய தலைமுறைக் கவிஞர்கள் பிந்தைய தலைமுறையின் இரைச்சலுக்குக் காகிதம் வாங்கித் தந்தனர்.

இசை வாராந்தரிகள் இவற்றை எவ்வாறு எதிர்கொண்டன என்பதற்கு ஓர் ஒளிப்படத்தின் கதையே போதும். 1952இல் தொடங்கிய 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' மலிவான தாளில் வந்த செய்தியேடு. 1979 நவம்பரில் ஒல்லாந்திலிருந்து வந்த இளம் ஒளிப்படக்காரர் அன்டன் கார்பைன், ஜாய் டிவிஷன் குழுவினர் நால்வரை இலண்டனின் லங்காஸ்டர் கேட் சுரங்க நிலையத்தில் படமெடுத்தார். மூவர் ஒளியை நோக்கி முதுகு காட்டி நடக்கின்றனர். பாடகர் இயன் கர்ட்டிஸ் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். முகம் தெரியாத படம் என்று அதை அப்போது எவரும் விரும்பவில்லை எனக் கார்பைன் கூறியுள்ளார். 1980 மே 18ஆம் நாள் கர்ட்டிஸ் தம் 23ஆம் வயதில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின்னரே அப்படம் அட்டைக்கு வந்தது. முதுகு காட்டும் மனிதர்கள் அட்டைக்கு ஆகார் என்ற விதி ஒரு மரணத்தினால் தளர்ந்தது என்று கூறுவது கொடிது. ஆனால் நிகழ்ந்தது அதுவே. பின்னாளில் மாற்றிசை அட்டைகளில் கறுப்பு வெள்ளை, கலங்கிய துகள், கவிழ்ந்த பார்வை, குளிர்ந்த வெற்றிடம் ஆகியன நிலைத்த வழக்காறுகள் ஆயின. சிரிப்பு அங்கே ஏறக்குறைய விலக்கப்பட்ட ஒன்று. துயரத்துக்கும் சீருடை தைக்கலாம் என்பதை இசையிதழ்கள் அறிந்துகொண்டன.

1980ஆம் ஆண்டு இலண்டனில் இரு இதழ்கள் பிறந்தன. 'ஐ-டி' இதழைத் தொடங்கிய டெரி ஜோன்ஸ், 'வோக்' என்னும் நாகரிக இதழின் கலை இயக்குநராக இருந்தவர். பளபளப்பைத் துறந்து, பின் அடித்த, அகல வாட்டில் அமைந்த இதழைத் தெருவில் காணும் இளைஞரின் படங்களோடு வெளியிட்டார். அதன் பெயரெழுத்துகளைப் பக்கவாட்டில் திருப்பினால் கண் சிமிட்டிச் சிரிக்கும் முகம் தோன்றும். எனவே முகப்பில் வருவோர் அனைவரும் ஒரு கண்ணை மூடியோ மறைத்தோ நிற்பது வழக்கமாயிற்று. முகம், நேர்நோக்கு என்னும் விதியை உடைக்காமலே கேலி செய்த நயம் இது. மற்றொன்று நிக் லோகன் தொடங்கிய 'தி ஃபேஸ்'. பெயரே முகம். 1981 முதல் 1986 வரை அதனை வடிவமைத்த நெவில் பிராடி எழுத்துருக்களைத் தாமே வரைந்தார். பொருளடக்கம் என்னும் சொல்லை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாகச் சிதைத்து, இறுதியில் படிக்கவியலாத சின்னமாக்கி, வாசகர் சொல்லையா படிக்கிறார் வடிவத்தையா படிக்கிறார் என்று சோதித்தார். விளம்பர நிறுவனங்கள் அவ்வெழுத்துருக்களின் சாயலை எடுத்துக்கொண்டன. சலிப்புற்ற பிராடி, அடுத்துப் பணியாற்றிய 'அரீனா' இதழில் எல்லாரிடமும் உள்ள ஹெல்வெடிகா எழுத்துருவுக்கே சென்றார். தம்முடைய நடையைப் பிறர் விற்கத் தொடங்கியபின் நடையின்மையில் ஒளிந்துகொண்டார் எனலாம்.

இக்கட்டத்தில் ஒரு வினா எழுகிறது. எதிர்ப்பின் அடையாளத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் எனில், எதிர்ப்பவர் எதை அணிவது?

ஒரு விடை, எதையும் அணியாதிருப்பது. 1982 முதல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த 'மேக்ஸிமம் ராக்கன்ரோல்' பெருநிறுவன விளம்பரங்களை ஏற்காது, கையில் மை ஒட்டும் நாளேட்டுத் தாளிலேயே பல்லாண்டுகள் நின்றது. அதன் அட்டை பெரும்பாலும் நெருக்கமான கறுப்பு வெள்ளைத் துண்டுகளின் குவியல். அழகில்லை என்போர் உண்டு. ஆனால் எந்த விளம்பரக்காரரும் அதனைக் களவாட விரும்பவில்லை என்பதையும் எண்ண வேண்டும். 1994 சூனில் பெருநிறுவனங்களைப் பற்றிய அதன் சிறப்பிதழ் வந்தது. அட்டையில் வாயில் துப்பாக்கி நுழைந்த முகம். உள்ளே ஸ்டீவ் ஆல்பினியின் புகழ்பெற்ற கட்டுரை. இரண்டரை இலட்சம் இசைத்தட்டுகள் விற்கும் ஒரு குழுவை எடுத்துக்கொண்டு அவர் வரவு செலவு போட்டுக் காட்டுகிறார். நிறுவனத்துக்கும் மேலாளர்க்கும் போக, குழுவினர்க்கு ஆளுக்கு நாலாயிரம் டாலர் அளவே மிஞ்சுகிறது. தெருமுனைக் கடையில் வேலை பார்த்திருந்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. அவ்வாண்டு ஏப்ரலில்தான் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்திருந்தார். அவ்வட்டை எவ்வகை அதிர்வை உண்டாக்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அது கொடுமையான அட்டை. ஆயின் உள்ளிருந்த கணக்கைப் படிக்க வைத்த அட்டை.

அதே கோபேன் இரண்டாண்டுகளுக்கு முன், 1992 ஏப்ரல் 16ஆம் நாளிட்ட 'ரோலிங் ஸ்டோன்' முகப்பில் தோன்றியிருந்தார். பெருநிறுவன இதழ்கள் இன்னும் கேடுகெட்டவையே என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய பனியனை அணிந்திருந்தார். எழுத்து, அவர் கையெழுத்து. 'ஸ்னிஃபின் குளூ'வின் முகப்பில் காகிதத்தில் இருந்த எழுத்து, பெருநிறுவன இதழின் முகப்பில் ஒரு மனிதரின் மார்புக்கு இடம்பெயர்ந்திருந்தது. அவ்விதழ் அதை மறைக்கவில்லை. மறைப்பானேன்? தன்னைத் திட்டும் சொல்லையே முகப்பில் போட்டு விற்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. அட்டை வரலாற்றில் இதனினும் கசப்பான படம் வேறில்லை.

மற்றொரு விடை, எவரும் படிக்கவியலாதபடி எழுதுவது. 1992இன் இறுதியில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'ரே கன்' இதழின் கலை இயக்குநர் டேவிட் கார்சன். சமூகவியல் படித்தவர், பள்ளியாசிரியராக இருந்தவர், கடலலைச் சறுக்கு வீரர். வடிவமைப்பில் முறையான நெடும்பயிற்சி இல்லாதவர். அட்டையின் அடிப்படை விதிகள் யாவற்றையும் அவர் ஒருங்கே மீறினார். இதழின் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துருவில் வந்தது. பாடகரின் முகம் பாதியில் வெட்டுண்டது, கலங்கியது. சிறு தலைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. 1994இல் பாடகர் பிரயன் ஃபெரியின் நேர்காணல் சுவையற்றது என்று கருதி, அதனை எழுத்தே இல்லாத, குறியீடுகள் மட்டுமே உள்ள ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அமைத்துவிட்டார். படிக்கத்தக்க வடிவம் அவ்விதழின் கடைப்பகுதியில் அச்சாயிற்று. படிக்க எளிதாயிருப்பதும் செய்தி சென்று சேர்வதும் ஒன்றல்ல என்பது அவர் கொள்கை. திறனாய்வாளர் ஸ்டீவன் ஹெல்லர் 1993இல் எழுதிய கட்டுரையில் அக்காலத்துச் சோதனை வடிவமைப்பை அழகின்மையின் வழிபாடு என்று சாடினார். பூசல் பல்லாண்டு நீடித்தது.

இரு தரப்பையும் நடுநின்று நோக்கின் இவ்வளவு சொல்லலாம். 'ரே கன்' அட்டையும் 'ஸ்னிஃபின் குளூ' அட்டையும் தொலைவிலிருந்து உறவினர் போலத் தோன்றும். அருகில் சென்றால் முரண் தெரியும். பெர்ரியின் அட்டை அழகற்றது, ஆனால் தெளிவானது. என்னென்ன குழுக்களைப் பற்றி எழுதியிருக்கிறது என்பதை எவரும் படிக்கலாம், எவரும் அதைப்போல் செய்யலாம். கார்சனின் அட்டை அழகியது, கணிப்பொறியும் வண்ண அச்சும் அரிய கண்ணும் கொண்டு செய்தது. அதைப்போல் செய்யப் பலர் முயன்று தோற்றனர். ஒன்று கதவைத் திறந்தது, மற்றொன்று கதவையே ஓவியமாக்கியது. நேர்காணல் தந்தவர் பேசியதை வாசகர் படிக்கவியலாதபடி செய்வது துணிச்சலா, அவமதிப்பா என்பதில் மொழியாசிரியர் எவரும் கார்சன் பக்கம் நிற்பது கடினம். ஆயினும் அவ்விதழ்களைக் கையிலெடுத்தோர் சொற்களை ஓர் இசைபோல் கேட்டதுண்டு என்பதை மறுப்பதும் நேர்மையன்று. கார்சன் 1995இல் விலகினார். பெப்சி, நைக்கி முதலிய நிறுவனங்கள் அவரை நாடின. இதழ் 2000இல் நின்றது.

மூன்றாம் விடையைப் பெண்கள் தந்தனர். 1977இல் லிண்டர் ஸ்டெர்லிங் என்னும் ஓவியர் பஸ்காக்ஸ் குழுவின் இசைத்தட்டு உறைக்காக ஓர் ஒட்டுப்படம் செய்தார். ஆண்களுக்கான இதழிலிருந்து வெட்டிய பெண்ணுடலில் தலை இருக்க வேண்டிய இடத்தில் இஸ்திரிப்பெட்டியை ஒட்டினார். பெண்ணை அட்டைப்படமாக்கும் வழக்கத்துக்கும் பெண்ணை வீட்டுப்பொருளாக்கும் வழக்கத்துக்கும் ஒரே கத்திரிக்கோலால் விடை கூறினார். 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் 'ஜிக்சா', 'பிகினி கில்' முதலிய இதழ்களை நடத்திய ரயட் கேர்ல் இயக்கத்துப் பெண்கள் மீண்டும் ஜெராக்ஸ் பொறிக்கும் கையெழுத்துக்கும் திரும்பினர். அதற்குள் கணிப்பொறி வந்துவிட்டது. ஆதலால் இது வறுமையின் தடம் மட்டுமன்று. ஒரு பெண்ணின் கையெழுத்து, அவள் நாட்குறிப்பிலிருந்து நேரே முகப்புக்கு வந்ததுபோல் இருக்க வேண்டும் என்ற உறுதி அதிலிருந்தது. பழைய விளம்பரங்களிலிருந்த சிரிக்கும் இல்லத்தரசிகளையும் சிறுமியர் பொம்மைகளையும் வெட்டி ஒட்டி, பக்கத்தில் தம் சினத்தை எழுதினர். அவ்விதழ்கள் பல பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் சேர்ந்தன. தோழிக்கு அஞ்சலில் அனுப்பிய தாள் ஆய்வேட்டுக்கு மூலமாயிற்று.

ஒரு தமிழ்ப்பெயரும் இவ்வரலாற்றின் ஓரத்தில் உண்டு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் பாடகராகுமுன் இலண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் பயின்ற கலைஞர். மாற்றிசைக் குழுவான எலாஸ்டிகாவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு உறை அமைத்தவர். 2005இல் தந்தையின் பெயரால் 'அருளர்' என்னும் தம் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, ஸ்டென்சில் வைத்துத் தெளித்த வண்ணமும், போர்ப்படிமங்களும் அதன் உறையில் வரிசையாக மீண்டு மீண்டு வந்தன. பங்க் சிற்றிதழின் கத்திரிக்கோல் மரபே அது. ஆனால் ரீடின் தலைமுறைக்கு வன்முறைப் படிமம் செய்தித்தாளிலிருந்து வெட்டியது. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியைக் கழித்தவருக்கு அது வேறு. இலண்டன் கடையில் அவ்வுறையை அழகிய கோலமாகக் கண்டவரும், அதே உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்ற ஈழத்தவரும் ஒரே பொருளை வாங்கினர் என்று கூற இயலுமா?

இன்று கடைத்தட்டே சுருங்கிவிட்டது. 'மெலடி மேக்கர்' 2000இல் மறைந்தது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' 2015இல் இலவச ஏடாகி, 2018 மார்ச்சில் வார அச்சை நிறுத்தியது. 'மேக்ஸிமம் ராக்கன்ரோல்' 2019இல் அச்சிதழை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு, 2004இல் நின்றிருந்த 'தி ஃபேஸ்' மீண்டும் பிறந்தது. பங்கின் நாற்பதாம் ஆண்டு 2016இல் இலண்டனில் அரசுசார் விழாவாகவே கொண்டாடப்பெற்றது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளராயிருந்த மால்கம் மெக்லாரனின் மகன் ஜோ கோரே, இவ்விழாவைக் கண்டித்து, ஐம்பது இலட்சம் பவுண்டு மதிப்புடையவை என்று தாம் கூறிய பங்க் நினைவுப்பொருள்களைத் தேம்ஸ் ஆற்றின்மேல் படகில் வைத்து எரித்தார். ஐம்பது படிகளில் தொடங்கிய ஓர் இயக்கத்தின் காகிதத்துக்கு இப்படி ஒரு விலை ஏறும் என்று எந்த வங்கி எழுத்தரும் கணித்திருக்க மாட்டார்.

அவ்வாண்டுதான் பிரிட்டிஷ் நூலகமும் 1976 முதல் 1978 வரையிலான பங்க் பற்றிய கண்காட்சியை நடத்தியது. ஜெராக்ஸ் தாள்கள் கண்ணாடிப் பேழைக்குள் சென்றன. சுவரில் நேர்த்தியாக அச்சான அறிமுகப் பலகை ஒன்றில் செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ், பஸ்காக்ஸ் ஆகிய ஆண்குழுக்களின் பெயர்களே இருந்தன. அங்கே உரையாற்ற வந்திருந்த 'தி ஸ்லிட்ஸ்' குழுவின் கிதார் கலைஞர் விவ் ஆல்பர்ட்டீன் பலகையின் முன் நின்றார். பேனாவை எடுத்தார். அப்பெயர்களை அடித்துவிட்டு, பெண்கள் இடம்பெற்ற குழுக்களின் பெயர்களைக் கையால் எழுதி, பெண்கள் எங்கே என்று கேட்டு, கீழே தம் கையொப்பத்தையும் இட்டார்.